பாதி உரித்த கழுகு

சுஜிதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம். தென்காசியில் பியூட்டி பார்லர் வேலை பார்த்த காலத்தில், புருவம் திருத்த வருகிறவர்களின் தோல் கிழிந்துவிடுமோ என்று நூலைப் பிடித்தபடியே மூச்சை அடக்கிக்கொள்வாள். பார்லரை மூடிய பிறகு, கணவன் ஜெனோ ஐந்தருவி ரோட்டில் நடத்திய கார் வாஷ் ஷெட்டுக்கு வந்துவிட்டாள்.

அங்கே ஜெனோ ஒருநாள் காரில் இருந்த பழைய ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டப் போனான். "நில்லுங்க, பெயிண்ட் போயிரும்" என்று தடுத்தாள். பார்லரில் வைத்திருந்த ஹேர் டிரையரை எடுத்து வந்து சூடு காட்டினாள். ஸ்டிக்கர் இளகியதும் தூண்டில் நரம்பை அடியில் விட்டு, அறுப்பதுபோல இழுத்தாள். மிச்சமிருந்த பசையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவிட்டுத் துணியால் வழித்தாள். ஒரு கீறல் விழவில்லை. அதன்பிறகு பழைய கார் வாங்கியவர்கள் அவளைத் தேடியே வர ஆரம்பித்தார்கள்.

சாரல் பிடித்திருந்த ஒரு காலைநேரம். ஜெனோ சாமான் வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தான். சிவப்புக் கார் ஒன்று ரோட்டிலிருந்து வெடுக்கென்று திரும்பி ஷெட்டுக்குள் நுழைந்தது. முகம்மது ஆசிக் என்ற இளைஞன் இறங்கினான். பின்சீட்டில் அவன் மனைவி சாஜிதா கைக்குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இத உடனே எடுத்துருங்க."

காரின் இடப்பக்கம் முழுக்க ஒரு கருங்கழுகு ஸ்டிக்கர். பின்கதவில் தலை, முன்சக்கரத்துக்கு மேலே வரை விரிந்த சிறகு.

"இம்புட்டுப் பெருசா? ஒரு நாள் ஆவும் தம்பி."

"அவ்ளோ நேரம் இல்லக்கா. வண்டிய புரோக்கர்ட்ட வாங்கி ஒரு வாரந்தான் ஆவுது. வடகரையில இருந்து ரெண்டு பேரு பைக்ல பின்னாலயே வருதானுவ. கழுகக் காட்டிக் காட்டிக் கத்துதானுவ. என்னன்னே தெரியல."

சுஜிதா ரோட்டைப் பார்த்தாள். எதிரே டீக்கடை முன்னால் ஒரு பைக் நின்றது. அதில் இருந்த இருவரும் ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் இரும்புக் கம்பி இருந்தது.

ஜெனோவுக்குப் போன் போட்டாள்; எடுக்கவில்லை. வேலையைச் சீக்கிரம் முடித்து இவர்களை அனுப்பிவிட்டால் போதும் என்று நினைத்து டிரையரை எடுத்தாள். ஆனால் இது அவசரப்படுகிற வேலை இல்லை. சூடு கூடினால் பெயிண்ட் பொங்கிவிடும், குறைந்தால் ஸ்டிக்கர் துண்டு துண்டாக உடையும். முன்கதவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே முன்னால் போனாள். கதவில் இருந்தது வெயிலில் காய்ந்து வெளுத்த பழைய ஸ்டிக்கர்.

முன்சக்கரத்துக்கு மேலே வந்ததும் நரம்பு சட்டென்று உள்ளே இறங்கியது. சிறகின் நுனியோடு பெயிண்டும் தோல்போலக் கழன்று வந்தது. அடியில், நசுங்கலை நிரப்பப் பூசும் பட்டி சாம்பல் நிறத்தில் தெரிந்தது. சிறகின் அந்த நுனி மட்டும் வெளுக்காமல் கன்னங்கரேலென்று இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். யாரோ அந்த இடத்தின் நசுங்கலை நிமிர்த்தி, பட்டி பூசி, அவசரமாகப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் புதுச் சிறகை ஒட்டியிருக்கிறார்கள்.

டிரையரை அணைத்தாள்.

"தம்பி, இந்த வண்டி எங்கயோ பலமா இடிச்சிருக்கு. மறைச்சு வித்திருக்காங்க."

ஆசிக் ரோட்டைத் திரும்பிப் பார்த்தான். "நமக்கு எதுக்குக்கா அது? எடுத்துருங்க, நாங்க போயிருதோம்."

"வேண்டாங்க" என்றாள் காருக்குள்ளிருந்து சாஜிதா. "எடுத்தா நாம மறைச்ச மாதிரி ஆயிரும்."

அதற்குள் கம்பிக்காரன் ரோட்டைக் கடந்து வந்துவிட்டான். சுஜிதாவுக்கு ஓடத் தோன்றியது.

"கைய எடு! அதத் தொடாத!"

"நான் எடுக்கல அண்ணாச்சி." சுஜிதா பட்டி தெரிந்த இடத்தைக் காட்டினாள். "நிறுத்திட்டேன். இவங்க புதுசா வாங்குனவங்க. உள்ள பச்சப்பிள்ள இருக்கு. இங்கன பாருங்க, பட்டி போட்டு மறைச்சிருக்காங்க."

அவன் குனிந்து பார்த்தான். கம்பி தரையில் விழுந்து உருண்டது. அப்படியே சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் பெயர் குற்றாலீஸ்வரன். போன மாதம் அவன் தங்கச்சி ஸ்வாதியை ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருந்தது.

"கழுகு, கழுகுன்னுதான் சொன்னா. வலியில என்னமோ உளறுதான்னு எல்லாரும் சொன்னாங்க" என்று சொல்லி அழுதான்.

ஜெனோ வந்ததும் எல்லோருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பாதி உரித்த கழுகோடு காரைப் போலீஸார் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். புரோக்கரை விசாரித்ததில், காரை முதலில் வைத்திருந்தவன் பிடிபட்டான். சுஜிதா சாட்சி.

கோர்ட்டில் கூப்பிடுவதற்கு முந்தின வாரம், பிடிபட்டவனுடைய ஆட்கள் இருவர் ஷெட்டுக்கு வந்தார்கள். காரைக் கழுவச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்கள். போகும்போது ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "பெயிண்ட் தன்னால உரிஞ்சிச்சு, பட்டிய நான் பாக்கலன்னு சொல்லிரு. ரோட்டோரக் கடை, எந்த வண்டி எப்ப உள்ள ஏறும்னு சொல்ல முடியாது பாத்துக்க."

அன்று அவள் சாப்பிடவில்லை. "போவாண்டாம்ட்டி" என்றான் ஜெனோ. அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் ஸ்வாதியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்திருந்தாள். அந்தப் பிள்ளை கம்பி வைத்த காலோடு சுவரைப் பிடித்து நடந்தது கண்ணைவிட்டுப் போகவில்லை.

கூண்டில் நின்று மெதுவாகப் பேரைச் சொன்னாள். சத்தமாகப் பேசும்படி நீதிபதி சொன்னார். எதிரே, பிடிபட்டவன் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். சுஜிதா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள்.

அவனுக்குத் தண்டனை கிடைத்த செய்தியைக் குற்றாலீஸ்வரன் போனில் சொன்னான். "நல்லாருப்பிய அக்கா" என்றான். அவள் சந்தோஷப்படத்தான் பார்த்தாள். அந்நேரம் ஒரு வெள்ளைக் கார் ஷெட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தது. அது அருவிப் பக்கம் திரும்பி மறையும்வரை, போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள்.