கைக்குப் பழகிய வேகம்

ஞாயிறு காலை ஒன்பது ஐம்பது. விருதுநகர் பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வுக்கு உட்கார்ந்தபோது, பக்கத்து இருக்கைக்காரரின் நகங்களைத்தான் முதலில் பார்த்தேன். பத்து நகங்களிலும் அலுமினியப் பொடி வெள்ளி பூசியதுபோல் ஒட்டியிருந்தது. பி.எஸ்சி. படித்தவர். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை. எம்.பி.ஏ. நுழைவுத்தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தால் அந்த மருந்து அறையைவிட்டு வெளியேறிவிடலாம் என்றார்.

எந்த விடையையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகே குறிப்பார். மருந்தை எடைபோட்டுப் பழகிய கை. போட்டதெல்லாம் சரியாக இருக்கும். பாதி வினாத்தாள் தொடப்படாமல் கிடக்கும்.

"கல்யாண விருந்தாண்ணே சாப்பிடுறீக? டக்கு டக்குன்னு போட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போங்க" என்றேன்.

அன்றிலிருந்து கடிகாரத்தை எதிரில் வைத்துப் பயிற்சி செய்தார். வாராவாரம் மதிப்பெண் ஏறியது. ஐந்தாவது ஞாயிறு என்னையே தாண்டிவிட்டார். கை கொடுத்தேன். பிடித்த கையை விடாமலே அவர் சொன்னார்:

"நேத்து மருந்து சலிக்கையில கை தன்னால வேகமாப் போயிருச்சு தம்பி. நான் கவனிக்கவேயில்ல. பக்கத்துல நின்னவருதான் 'ஏலே, நிப்பாட்டுலே'ன்னு கத்துனாரு. அங்கன லேசா உரசுனாலே பத்திக்கிரும். எங்க ஷெட்டுல நாலு பேரு இருக்கோம்."

இனி அவரை வேகமாகப் போடச் சொல்வதா, மெதுவாகப் போடச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

"தேர்வு முடியுற வரைக்கும் லீவு போடுங்கண்ணே" என்றேன்.

தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. தீபாவளி சீசன் என்பதால் ஆலையில் யாருக்கும் லீவு கிடையாது.