பன்னிரண்டு பேரோடு ஒரு மதியச் சாப்பாடு

கெல்லர்ஸ் லேண்டிங்கில் வாய் மூடாத ஆள் யார் என்று கேட்டால் முடிவெட்டும் கடையிலும் சர்ச் வாசலிலும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: வெண்டல் ஹாஸ். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்ததோ வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய உத்தியோகம். ஆற்றங்கரை ஃபெடரல் கோர்ட்டில் பெய்லிஃப். நீதிபதி வரும்போது எல்லோரும் எழுந்து நிற்கும்படி கூவுவார். அதற்குப் பிறகு மாலைவரை சுவரோரம் நிற்க வேண்டியதுதான். "உன் வாயைக் கட்டிப்போட அமெரிக்க அரசாங்கமே வரவேண்டியிருக்கு" என்று அவர் மனைவி ஆர்லீன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

விசாரணை முடிந்து ஜூரிகள் பன்னிரண்டு பேரும் தீர்ப்பை யோசிக்க உள்ளே போகும்போதுதான் பெய்லிஃபின் உண்மையான வேலை தொடங்கும். கோர்ட் குமாஸ்தா முதலில் அவர் கையை உயர்த்தச் சொல்லி உறுதிமொழி வாங்குவாள். இவர்களை ஒன்றாக வைத்திருப்பேன், யாரையும் இவர்களோடு பேச விடமாட்டேன், தீர்ப்பு ஆயிற்றா என்று கேட்பதைத் தவிர நானும் பேசமாட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று வெண்டலுக்கே தெரியாது. பல் தேய்ப்பதுபோலச் சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

வர்ஜில் டன்லப் வழக்கு வந்தது ஒரு அக்டோபரில். வர்ஜில் லாரிக்காரன். திருட்டு மாடு பதினாலை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி இல்லினாய் பக்கம் போனான் என்பது குற்றச்சாட்டு. மாடு மாநில எல்லையைத் தாண்டியதால் வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்கு வந்தது. "சந்தையில ஒருத்தர் ஏத்தச் சொன்னாரு, சீட்டும் காட்டினாரு, ஏத்தினேன். திருட்டு மாடுன்னு மாட்டு மூஞ்சியில எழுதியா இருக்கு?" என்றான் வர்ஜில் சாட்சிக் கூண்டில். ஜூரியில் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்தது. ஏற்றச் சொன்ன ஆள் அகப்படவே இல்லை.

ஜூரிகள் ஒரு நாள் முழுக்கப் பேசியும் முடிவுக்கு வரவில்லை. மறுநாள் மதியம் வெண்டல் அவர்களை வரிசையாக அழைத்துக்கொண்டு தெரு தாண்டி மில்லியின் கடைக்குப் போனார். பின்னறையில் தனி மேஜை. வறுத்த பன்றி இறைச்சி வைத்த பன், கோஸ் சாலட், கடைசியில் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம். சாப்பிடும்போது வழக்கைப் பற்றி மூச்சு விடக்கூடாது. எல்லோரும் மக்காச்சோள அறுவடையைப் பற்றிப் பேசினார்கள்.

விதைச்சோளம் விற்கிற ஆம்டால் வெண்டலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு; குற்றவாளி என்று சொல்ல அவர் ஒருவர்தான் பிடிகொடுக்காமல் இருக்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மழை வருமா வெண்டல்?"

"வரும்போலத்தான் இருக்கு. ஆத்துல ஏற்கெனவே தண்ணி ஏறுது."

"நனைஞ்ச பாலத்துல, அதுவும் ராத்திரியில, மாடு ஏத்திட்டுப் போறதுன்னா லேசா?" என்றார் ஆம்டால், தனக்குத்தானே சொல்வதுபோல.

அங்கே வெண்டல் எழுந்து போயிருக்கலாம். "பேசக்கூடாதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரில் எந்த வீட்டுக் கதையும் தனக்குத் தெரியும் என்ற பெருமை இருக்கிறதே, அது பொல்லாதது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருவருடையது, கெட்டது இன்னொருவன்.

"டன்லப் வீட்டுக்கு அதெல்லாம் புதுசா?" என்றார் வெண்டல், பலகாரத்தை வெட்டிக்கொண்டே. "இவன் அப்பன் ஏமஸ் விடியக்காலையில அடுத்தவன் மாட்டை ஓட்டிட்டுப் போனதை எங்க மாமா கண்ணால பார்த்திருக்காரு."

ஆம்டாலின் கரண்டி பாதி வழியில் நின்றது. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெண்டலுக்குக் காது மடல் சூடேறியது. "சரி சரி, சாப்பிடுங்க, நேரமாச்சு" என்றார்.

திரும்பி வந்து நாற்பது நிமிஷத்தில் உள்ளிருந்து கதவைத் தட்டினார்கள். குற்றவாளி என்று ஆம்டால் மற்றவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டினார். வர்ஜிலுக்கு மூன்று வருஷம். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவனுக்கு வெண்டல்தான் தம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். ஏன் கொடுத்தோம் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறார். இரக்கம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

நீதிபதி தோர்ஸ்பியின் அறை அங்கிருந்து முப்பது தப்படி. அன்றைக்கே நடந்து போய்ச் சொல்லியிருந்தால் வழக்கு மறுபடி நடந்திருக்கும், வெண்டலின் வேலை போயிருக்கும். ஆர்லீனுக்கு அப்போதுதான் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதுதான் காரணம் என்று ஆறு மாதம் தனக்குள் சொல்லிவந்தார். ஆர்லீன் எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு அந்தக் காரணமும் போய்விட்டது. பயமும் வெட்கமும்தான் மிச்சம்.

பேச்சு குறைந்தது. முடிவெட்டும் கடையில் முதலில் கேலி செய்தார்கள், பிறகு கவலைப்பட்டார்கள். "டாக்டர்கிட்ட காட்டலாமா வெண்டல்? நீ பேசாம இருந்தா வீட்ல யாரோ செத்துப்போன மாதிரி இருக்கு" என்றாள் ஆர்லீன். அவளிடமும் சொல்லவில்லை.

இருபது மாதம் கழித்து வர்ஜிலை நன்னடத்தையில் வெளியே விட்டார்கள். நன்னடத்தை அதிகாரியின் அலுவலகம் அதே கட்டடத்தில், இரண்டாம் மாடியில் இருந்தது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட வர்ஜில் வருவான். படியேறுகிற இடத்தில் வெண்டலின் மேஜை. தப்பித்துக்கொள்ள வழியே இல்லை.

"குட் மார்னிங், மிஸ்டர் ஹாஸ்" என்பான் வர்ஜில், தொப்பியைக் கையில் எடுத்து. "அன்னிக்கு எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தீங்க. அந்த ரூம்ல என்னை மனுஷனா பார்த்தது நீங்க ஒருத்தர்தான். அம்மாகிட்டகூடச் சொன்னேன்."

வெண்டலுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. "லாரி ஓட்டறியா?" என்று கேட்டுவைத்தார்.

"கேஸ் ஆனவனுக்கு யார் மாடு ஏத்துவாங்க? கோழிப் பண்ணையில கழுவிவிடற வேலை" என்று சொல்லிவிட்டு அவன் படியேறிப் போனான். ஏழு மாதம், ஏழு செவ்வாய்க்கிழமை. கடைசி இரண்டு முறை வெண்டல் கழிப்பறையில் போய் ஒளிந்துகொண்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர்.

அந்த வருஷம் கோர்ட்டுக்கு நூறு வயது. தலைமைக் குமாஸ்தா இமோஜென் குரூகர் கோர்ட்டின் வரலாற்றைப் புத்தகமாகப் போடக் கிளம்பிவிட்டாள். முதல் நீதிபதி வந்த நீராவிப் படகு மணல்திட்டில் சிக்கி, அவர் இரண்டு நாள் படகின் மேல்தளத்திலேயே விசாரணை நடத்திய கதை. குதிரைத் திருடனைத் துரத்திப் போய்த் தன் குதிரையையே பறிகொடுத்து நடந்துவந்த மார்ஷல். நீதிபதிகள், வழக்கறிஞர்கள், குமாஸ்தாக்கள் என்று வரிசையாகப் பெயரும் வருஷமும். எல்லாம் தோண்டி எடுத்திருந்தாள். கடைசிப் பக்கம் பெய்லிஃபுகளுக்கு.

"உன் போட்டோவுக்கு மேல அந்த உறுதிமொழியை முழுசா போடப்போறேன்" என்றாள், காகிதத்தை நீட்டி. "கீழ ஒரு வரி எழுதியிருக்கேன், பாரு. 'இருபத்திரண்டு ஆண்டுகளில் இந்த உறுதிமொழியை ஒருமுறையும் மீறாதவர்.' நல்லா இருக்கா? ஊர்லயே பெரிய வாயாடி, கோர்ட்டுல கல்லு மாதிரி இருந்தானே! சிரிக்க வேணாமா நீ?"

வெண்டல் காகிதத்தை வாங்கி ஒருமுறை படித்தார். மேஜைமேல் வைத்துவிட்டு முப்பது தப்படி நடந்தார்.

நீதிபதி தோர்ஸ்பி நின்றபடியே முழுவதையும் கேட்டார். முடிந்ததும் மெல்ல உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா இதை வச்சுக்கிட்டிருக்கே வெண்டல்?"

"ரெண்டு வருஷம் மூணு மாசம், ஜட்ஜ்."

"அவன் உள்ள இருந்ததுல எத்தனை நாள் இது உனக்குத் தெரியும்?"

"எல்லா நாளும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "வெளிய போ. இப்ப உன்னைப் பார்க்க என்னால முடியல" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

விசாரணை அடுத்த மாதம் நடந்தது. எல்லோரையும் எழுப்ப வேறு ஒருவர் கூவினார். வெண்டல் சாட்சிக் கூண்டில் ஏறினார். இமோஜென்தான் உறுதிமொழி வாங்கினாள். அவள் கண் சிவந்திருந்தது, அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. எத்தனையோ பேரை அந்தக் கூண்டுக்கு அழைத்துவந்து விட்டவருக்கு, அதன் படி இவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வர்ஜிலின் வக்கீல் கேட்டார்: "மேஜையில சொன்ன வார்த்தையை அப்படியே இப்ப சொல்லுங்க."

சொன்னார். முதல் தடவை குரல் எழவில்லை. "இன்னும் சத்தமா" என்றார் நீதிபதி. வெண்டல் மறுபடி சொன்னார். பெஞ்சில் வர்ஜில் தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் வரும், திட்டுவான் என்று வெண்டல் எதிர்பார்த்தார். அவன் வெறுமனே அவரையே பார்த்தான். தண்ணீர் கொடுத்த கையை நினைத்துக்கொண்டானோ என்னவோ. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்து ஆம்டாலும் வந்து, அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் மனம் மாறியதாக ஒப்புக்கொண்டார். நீதிபதி அங்கேயே தண்டனையை ரத்து செய்தார். மறுபடி வழக்கு நடத்த அரசுத் தரப்புக்கு ஆசையில்லை, கைவிட்டுவிட்டார்கள். வர்ஜில் மேல் இனி எந்தக் கறையும் இல்லை என்று பதிவாயிற்று. வெண்டல் ராஜினாமாக் கடிதத்தை முன்பே கொடுத்திருந்தார்.

வராந்தாவில் வர்ஜிலின் தாய் ஓபல் அவருக்காகக் காத்திருந்தாள். எழுபது வயதுக்கு மேல், சர்ச்சுக்குப் போடுகிற நீலக் கோட்டு. வெண்டல் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்குங்க மிஸஸ் டன்லப். உங்க பையனுக்குப் பண்ணினதுக்கு..."

"பையனுக்கு என்னன்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு" என்றாள் ஓபல். "நான் ஏமஸைப் பத்திக் கேக்க வந்தேன். உங்க மாமா என்ன பார்த்தாரு?"

"விடியக்காலையில... அவர் மாடு ஓட்டிட்டுப் போறதை."

"ஆமா, ஓட்டிட்டுத்தான் போனாரு. எனக்குத் தெரியாதா? நான்தான் லாந்தர் ஏத்திக் குடுத்தேன். திருடினது அவர் தம்பி ராய். எங்க கொட்டகையில கொண்டாந்து கட்டிட்டு ஓடிட்டான். தம்பி பேரு கெடக்கூடாதுன்னு, விடியறதுக்குள்ள ஏமஸ் அதை நடத்திக் கொண்டுபோய் உடையவன் வேலியில கட்டிட்டு வந்தாரு. எட்டு மைல். யார்கிட்டயும் மூச்சு விடல, சாகிறவரைக்கும்."

வெண்டல் கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்பது வருஷமா ஊரு அவரை அப்படியா பேசிட்டிருந்துது?" என்றாள் ஓபல். குரலில் கோபம் இல்லை, அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "கடைக்கு வருவாரு, சர்ச்சுக்கு வருவாரு, எல்லாரும் கை குடுப்பீங்களே. கை குடுத்துட்டு இதைத்தான் நினைச்சீங்களா?"

"ஆமாங்க" என்றார் வெண்டல்.

அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு, கீழே காத்திருந்த மகனை நோக்கி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.