தண்டவாளம் ஏறிய படகு எஞ்சின்

சென்ற சனிக்கிழமை காலை, மலேசியாவின் கிள்ளானில் ஒரு ஃபாக்டரியின் பின்புறத் தண்டவாளத்தில் இருந்தவர்கள்: என் தங்கை சரசு, அவள் கணவர் முனியாண்டி, ஃபாக்டரி எஞ்சினியர் மிஸ்டர் லிம், நான். அப்புறம் ஒரு டீசல் எஞ்சின். அதையும் ஆளாகச் சேர்க்க வேண்டியதுதான்... அன்றைக்கு அதிகம் பேசியது அதுதான்!

மாப்பிள்ளை முனியாண்டி படகு மெக்கானிக். ஃபாக்டரியில் சரக்குப் பெட்டிகளை இழுக்கும் குட்டி லோக்கோவின் எஞ்சின் செத்துப்போயிற்று. இழுவைப் படகில் ஓடும் எஞ்சினை அதற்குத் தோதாக மாற்றிப் பொருத்தித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். கரையில் அவர் செய்யும் முதல் பெரிய வேலை. ஓடினால் ஃபாக்டரியின் மற்ற லோக்கோக்களும் அவருக்குத்தான். ஓடாவிட்டால்? கழற்றி எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? ஆனால், பயப்படுவதற்குப் படிப்பு எதற்கு?

“மாப்ள, படகுல எஞ்சின் சூடானா கடல் தண்ணி இருக்கு. இங்க தண்ணிக்கு எங்க போவீங்க?”

“ஏன் மச்சான், கடலயா லோரில ஏத்திட்டு வருவாங்க? முன்னால ரேடியேட்டர் வெச்சிருக்கேன்லா. காத்துல ஆறிடும். நீங்க சும்மா நில்லுங்க, போதும்.”

சரசு சூடம் காட்டினாள். புதுப் படகு தண்ணீரில் இறங்கும்போது அதன் முகப்பில் சிவப்புப் பட்டு கட்டுவது மாப்பிள்ளையின் வழக்கம். படகுக்குச் செய்வதை லோக்கோவுக்குச் செய்யாமல் விடலாமா? அவரே ஏறி, அதன் முகம் முழுக்க மூடி, இறுக்கிக் கட்டினார்.

எஞ்சின் உறுமியது. பெட்டிகள் நகர்ந்தன. நானே கைதட்டிவிட்டேன்!

கொஞ்ச நேரம்தான். சூடு காட்டும் முள் ஏறியது... ஏறிக்கொண்டே போனது.

“பானாஸ்லா, முனியாண்டி! ரொம்ப சூடு!” மிஸ்டர் லிம்முக்குக் கடைத்தெருவில் பழகிய தமிழ். “போட் எஞ்சின் போட்லதான் ஓடும்போல!”

மாப்பிள்ளை எஞ்சினை அணைக்காமல் வண்டியை மட்டும் நிறுத்திப் பம்ப்பைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு ஏன்? நான் ஓட வழி பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏங்க...” என்றாள் சரசு. “அந்தப் பட்டு ஏன் அப்படி ஒட்டிக்கிட்டுக் கெடக்கு? உள்ளேருந்து யாரோ இழுக்கிற மாதிரி!”

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். படகின் முகப்பில் எதைக் கட்டினால் என்ன? எஞ்சினைக் குளிர்விக்க அடியில் கடல் இருக்கிறது. லோக்கோவுக்கோ முகமே ரேடியேட்டர்! உள்ளேயிருக்கும் ஃபேன் காற்றை இழுக்கும் வழியைத்தான் பட்டு போர்த்தி அடைத்திருந்தார்.

பட்டை உருவினார். முள் மெல்ல இறங்கியது. பெட்டிகள் மறுபடி நகர்ந்தன... கடைசிவரை முள் ஏறவே இல்லை.

மிஸ்டர் லிம் சிரித்துவிட்டார். “சரி, மத்த லோக்கோ எப்போ ஆரம்பிக்கிற? ஆனா பட்டு வேணாம்லா!”

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லாரும் இப்படித்தான். மரியாதை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, பிரியமானவர்களை மூச்சுவிட முடியாமல் செய்துவிடுகிறோம் — இல்லையா?

“இன்னொரு ரவுண்டு போறோம், ஏறுங்க மச்சான்!”

ஏறினேன். குதிக்க வசதியாக, படியோரமாகவே நின்றுகொண்டேன்.