பத்தொன்பதாவது கேள்வி

சிவாஜிநகரில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் பில் புத்தகங்களின் எண்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. எண் அடிக்கும் மெஷின் சில சமயம் ஒன்றை விழுங்கிவிடும். 418க்கு அடுத்து 420 வந்து நிற்கும். அந்தப் புத்தகத்தை வாங்கிப் போகும் கடைக்காரர் பிறகு வரி அலுவலகத்தில் விழிக்க வேண்டியிருக்கும். பதினாறு வருடங்களாகத் தாள் தாளாகப் புரட்டுகிறேன். விட்டுப்போன எண் ஒன்றுகூட என்னைத் தாண்டி வெளியே போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

எனக்கு வயது நாற்பத்தேழு. திருமணம் ஆகவில்லை. இருபத்தாறாவது வயதில் எனக்கு மனச்சிதைவு நோய் என்றார்கள். காதில் குரல்கள் கேட்கும். மாத்திரைகளின் தயவில் இப்போது அவை பக்கத்து வீட்டு டிவி அளவுக்குத் தணிந்திருக்கின்றன. நோய் வந்த வருடத்திலிருந்து டைரி எழுதுகிறேன். எழுந்த நேரம், மாத்திரை போட்ட நேரம், குரல் கேட்டதா, எத்தனை நிமிடம், பஸ் வந்த நேரம், அன்று யாரிடம் பேசினேன். இவ்வளவுதான். ஒரு நாளுக்கு ஒரு பக்கம்.

போன வருடம் வரை அண்ணன் வீட்டில் இருந்தேன். எனக்கென்று ஓர் அறை உண்டு. அதன் கதவில் உள்தாழ்ப்பாள் கிடையாது. நான் அங்கிருந்து கிளம்புவதற்குப் பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு மோசமான வாரத்தில் உள்ளே தாழிட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க நான் திறக்கவில்லை. அண்ணன் கதவை உடைத்தார், அன்றே தாழ்ப்பாளைக் கழற்றினார். அந்த வாரத்துக்கு அது சரிதான். ஆனால் வாரம் முடிந்தது, நான் வேலைக்குத் திரும்பினேன், தாழ்ப்பாள் மட்டும் திரும்பவில்லை. கதவில் நான்கு திருகாணி ஓட்டைகள் இருந்தன. பதினொரு வருடங்கள் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத்தான் புடவை மாற்றினேன்.

லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி அறை காலியானது. எங்கள் அச்சகத்தில் பைண்டிங் செய்யும் அக்காவின் வீடு. அவருக்கு என் நோய் தெரியும், என் ஒழுங்கும் தெரியும். "நீ வந்தா எனக்கும் பேச்சுத்துணை. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறப்ப வீட்டுச் சாவிய உங்கிட்ட குடுத்துட்டுப் போவேன்" என்றார். சாவியை என்னிடம் கொடுப்பதாக அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

அண்ணனிடம் கேட்டேன். அவர் பொம்மசந்திராவில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். அளவுக்குள் வந்தால் பாஸ், தாண்டினால் ரிஜெக்ட். வீட்டிலும் அவர் அப்படித்தான்.

"இந்தத் தடவ உன் மார்க் கூடட்டும். நானே வந்து அந்தம்மாகிட்ட பேசறேன்" என்றார்.

மார்க் என்று அவர் சொன்னது மருத்துவமனைப் படிவத்தை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்களைப் போன்றவர்களிடம் வாழ்க்கைத் தரத்தை அளக்க முப்பது கேள்விகள் கேட்பார்கள். தூக்கம், வேலை, நண்பர்கள், இருப்பிடம் இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. கொஞ்சமும் திருப்தி இல்லை என்றால் ஒன்று. இது பரீட்சை இல்லை, தனியாக இருக்கலாமா கூடாதா என்று சொல்வதற்கும் இல்லை என்று டாக்டர் அண்ணனிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். "நம்பர்னு ஒண்ணு வந்தா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கணும்ல டாக்டர்" என்றார் அண்ணன்.

அதற்கு முன் நான்கு முறை என்னை அளந்திருந்தார்கள். நான்கு முறையும் அண்ணன் பக்கத்து நாற்காலியில் இருந்தார். கேள்வி கேட்கும் பெண் என்னைப் பார்த்துக் கேட்பாள், பதில் அவரிடமிருந்து வரும்.

"இருக்கற எடம் திருப்தியா?"

"தனி ரூமே குடுத்திருக்கோம்மா. அஞ்சு போட்டுக்கோ."

"ஃப்ரெண்ட்ஸ்?"

"அவளுக்கு ஏது? வீடு, வேல, வீடு. ஒண்ணு."

நான் வாயைத் திறக்காமல் எண்ணிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் எல்லா விடைகளையும் டைரியில் எழுதுவேன். கடைசியில் ஒரு வரி: 'கேள்விகள் முப்பது என்றார்கள். கேட்டது இருபத்தொன்பது.' நான்கு முறையும் அதே வரி. எண்ணுவதில் நான் தவறுகிறேன் என்றுதான் நினைத்தேன். மாத்திரை என் வேலையிலும் கைவைக்கிறதோ என்று பயந்தேன்.

ஐந்தாவது முறை அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் ஆடிட். இரண்டு பஸ் மாறித் தனியாகப் போனேன்.

அந்தப் பெண் கன்னட வீட்டுப் பெண். தமிழும் பேசுவாள் என்பதால் தமிழ்க்காரர்களை அவளிடம் அனுப்புவார்கள்.

"அண்ணா வரலியாக்கா?"

"நான் வந்திருக்கேன்ல. கேள்வி எனக்குத்தானே?"

அவள் சிரித்துவிட்டாள். அண்ணன் இல்லாததால் படிவத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். எழுத்துகளைத் தலைகீழாகப் படிப்பது அச்சகத்தில் இருப்பவர்களுக்குச் சிரமம் இல்லை.

இருப்பிடத்துக்கு ரெண்டு என்றேன்.

"போன தடவ அஞ்சு இருந்துச்சே?"

"போன தடவ எங்கண்ணன் சொன்னாரு. அந்த ரூம்ல அவர் படுக்கறதில்ல."

நண்பர்களுக்கு நாலு. வேலைக்கு ஐந்து. பைண்டிங் அக்காவையும் லிங்கராஜபுரத்து அறையையும் அண்ணன் வைத்த நிபந்தனையையும் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். "பண்ணுங்கக்கா, நல்லா வருது" என்றாள். பதினெட்டாவது கேள்வி முடிந்தது. அவள் பேனா ஒரு வரியைத் தாண்டி இருபதில் போய் நின்றது.

"பத்தொன்பது?" என்றேன்.

அவள் கதவைப் பார்த்தாள். "அது மதுவே ஆனவங்களுக்குக்கா."

மதுவே என்றால் கல்யாணம். "தாள்ல அப்படிப் போட்டிருக்கா?"

குனிந்து படித்தாள். "இல்ல."

"அப்புறம்?"

"கேட்டா சங்கடமாயிடும்னு விட்டுடுவோம். மதுவே ஆகாதவங்க, வயசானவங்க, புருஷன் இல்லாதவங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்கக்கா."

"அந்தக் கட்டத்துல என்ன போடுவீங்க?"

"மத்த கேள்வியோட ஆவரேஜ் எடுத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்திடுவோம். உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் நாலு விழுந்திருக்கு. நல்லதுதானே, கொறையாது."

நான் எண்ணியது சரி. முதலில் வந்தது அந்த நிம்மதி. அதற்குப் பிறகுதான் கோபம். என் வாழ்க்கையில் நான் அனுபவிக்காத ஒன்றுக்கு, என்னைக் கேட்காமலே, இரண்டு வருடமாக நாலு மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அச்சகத்தில் முன்பு கட்டிங் மெஷினில் ஒருவர் இருந்தார். வேலை முடிந்ததும் சட்டைக் கையிலிருந்து காகிதத் தூளை ஊதிவிடுவார். மூன்று வருடம் அவர் எந்த நாளில் எந்தச் சட்டை போட்டார் என்று என் டைரியில் இருக்கிறது. அவர் ஓசூருக்கு வேலை மாறிப் போனார். நான் எதுவும் சொல்லவில்லை. அதே சமயத்தில்தான் மாத்திரையை மாற்றினார்கள். உடம்பில் ஏதோ ஒன்று அணைந்துபோனதுபோல் இருந்தது. அது மாத்திரையாலா, வயதாலா என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன். அண்ணன் பக்கத்தில் இருந்தார். கேட்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே அச்சடித்த வரி ஒன்று இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

"கேளு. தாள்ல இருக்கற மாதிரியே கேளு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இந்தத் தடவ உங்களுக்கு ரெண்டு கூட வரும்போல இருக்கு. சும்னே, அப்படியே விட்டுடுங்க. ரூம் கெடைக்கட்டும். அடுத்த தடவ கேக்கறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். விட்டிருந்தால் அண்ணன் அந்த வாரமே பைண்டிங் அக்காவிடம் பேசியிருப்பார். எனக்குத் தாழ்ப்பாள் உள்ள கதவு கிடைத்திருக்கும். யாரோ போட்ட நாலை வைத்துக் கிடைத்த கதவு.

"கேளும்மா."

படித்தாள். "உங்கள் பாலுறவு வாழ்க்கை உங்களுக்கு எவ்வளவு திருப்தி அளிக்கிறது?"

"ஒண்ணு."

"ஒண்ணுன்னா கொஞ்சம்கூட…"

"தெரியும். எழுது."

எழுதினாள். மீதிக் கேள்விகளும் முடிந்தன. இருவரும் தனித்தனியாகக் கூட்டினோம். ஒரே விடை. போன முறையைவிட ஒன்று குறைவு. மாத்திரை பற்றிய சந்தேகத்தையும் படிவத்தின் ஓரத்தில் குறிக்கச் சொன்னேன், டாக்டர் பார்ப்பதற்கு.

வீட்டில் அண்ணன் காத்திருந்தார். அண்ணி சமையலறை வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ?"

"ஒண்ணு கம்மி."

"பாத்தியா?" என்றார். குரலில் வருத்தம் இருந்தது, நிம்மதியும் இருந்தது.

"எதுல கொறஞ்சுதுன்னு கேளுண்ணா."

"எதுல?"

"படுக்க விஷயம். திருப்தியான்னு கேட்டாங்க. இல்லேன்னேன்."

அண்ணன் டிவி ரிமோட்டை எடுத்தார், வைத்தார். "அந்தப் பொண்ணு எதுக்கு இதெல்லாம் கேக்குது?"

"நான்தான் கேக்கச் சொன்னேன்."

அண்ணி தலை நிமிராமல் சொன்னாள்: "எங்கிட்ட கேட்டிருந்தா நானும் ஒண்ணுதான் போட்டிருப்பேன்."

"நீ சும்மா இரு."

"சும்மாதானே இருக்கேன், இருபத்திரெண்டு வருஷமா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் மட்டும் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் லிங்கராஜபுரத்துக்குப் போறேண்ணா" என்றேன்.

"மார்க் கொறஞ்சிருக்கு. எப்படிப் போவ?"

"கொறஞ்ச மார்க்கோடதான் போவேன். இந்த வீட்ட உனக்கு யாரு மார்க் போட்டுக் குடுத்தாங்க?"

அப்போதுதான் அவருடைய உண்மையான பயம் வெளியே வந்தது. "மறுபடியும் அந்த மாதிரி ஆச்சுன்னா?"

டைரிகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். கதவு உடைந்த வாரத்துக்குப் பிறகு மோசமான நாட்கள் இரண்டு முறை வந்திருந்தன. இரண்டு முறையும் அவர் கவனிப்பதற்கு முன்பே நானே டாக்டரிடம் போய், டோஸ் மாற்றி வாங்கி வந்து, அடுத்த நாள் வேலைக்குப் போயிருக்கிறேன். பக்கங்களைத் திறந்து காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, தொழிற்சாலையில் பார்ப்பதுபோலவே விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். இரண்டாவது டைரி முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீ என்னை எதுவும் கேக்கல. என்னைப் பத்தி எல்லார்கிட்டயும் பதில் சொன்ன."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் டிரங்குப் பெட்டியை மாடிக்கு அவர்தான் தூக்கி வந்தார். இறங்கும்போது கதவைப் பார்த்தார். "ராத்திரில தாழ்ப்பாள் போடாத" என்றார்.

"போடுவேண்ணா" என்றேன்.

போட்டேன். அன்று டைரியில் நேரத்தையும் எழுதினேன்: மாலை ஐந்து நாற்பது.

ஆறாவது அளவெடுப்புக்கும் தனியாகவே போனேன். இருப்பிடம்: ஐந்து. பதினெட்டு முடிந்ததும் அந்தப் பெண் பேனாவை நிறுத்தவில்லை, கதவைப் பார்க்கவில்லை, பத்தொன்பதை அப்படியே படித்தாள்.

"ஒண்ணு" என்றேன்.