அடியில் இருந்தது அக்காவுக்கு

எங்களுக்கு மேலே மாடி வீட்டில் இருந்த அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் மடிப்பக்கா. அங்கே துணி வெளுக்கிற பகுதியில் வேலை. வார்டுகளில் இருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, தேய்த்து, மடித்து அடுக்கி அனுப்ப வேண்டும். அக்கா மடித்த அடுக்கைத் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நர்ஸுகள் சொல்வார்களாம். ஓரம் ஓரத்தோடு ஒட்டி நிற்கும். மேலே இருப்பதை அக்கா கை எடுத்தால் கீழே இருப்பது அசையாது. என் வீட்டுக்கு வந்தாலும், பேசிக்கொண்டே கொடியில் கிடக்கும் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

"உன் வீட்டுக்காரர் துண்டைக் காயப்போட்டாரா, இல்ல அதோட சண்டை போட்டாரா?" என்பார்.

அம்மா முதலிலேயே போய், அப்பாவும் போனபோது அக்காவுக்குப் பின்னால் ஒரு தம்பியும் ஒரு தங்கையும் நின்றார்கள். அன்றைக்கு அந்த வெளுக்கிற அறைக்குள் போனவர்தான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவர் அக்காவைப் பெண் கேட்டாராம். "தங்கச்சி படிப்பு முடியட்டும்" என்று சொன்னாராம் அக்கா. படிப்பு முடிந்தபோது அந்த மனுஷருக்கு வேறு கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இதை அக்கா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

அந்த வீட்டில் பரிமாறுவது எப்போதும் அக்காதான். கரண்டியைப் பாத்திரத்தின் மேலாகவே விட்டு, நன்றாக இருப்பதை எடுத்துத் தம்பிக்கு வைப்பார். அடுத்தது தங்கைக்கு. அடியில் ஒட்டியது, தீய்ந்தது எல்லாம் அக்காவுக்கு. "எனக்கு அடிப்பிடிச்சதுதான் ருசி" என்பார். அவர்களும் அதை அப்படியே நம்பி வளர்ந்தார்கள். வளர்ந்து நல்ல நிலைமைக்கும் வந்தார்கள். தம்பிக்குப் பெரிய கம்பெனியில் வேலை. தங்கை பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். ஆண்டவன் அவர்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

அக்கா வேலையில் இருந்து நின்ற வருஷமே தம்பி பேச்சை எடுத்தார். மாடி வீடு அப்பா பேரில் இருக்கிறது, மூன்று பேருக்கும் பொது, விற்றுவிடலாம் என்றார். அக்கா எங்கே போவது? தம்பி வீட்டில் இடம் இல்லை என்று தம்பி மனைவி முதலிலேயே சொல்லிவிட்டாள். மிச்சம் தங்கை. ஒரு நாள் என் எதிரில்தான் அக்கா தங்கையோடு போனில் பேசினார். சத்தம் எனக்கும் கேட்டது.

"உனக்கு எங்க வீடு ஒத்துவராதுக்கா. வாரம் தவறாம யாராவது விருந்துக்கு வருவாங்க. நீ சங்கடப்படுவ."

"எனக்கென்ன சங்கடம்? நான் சமையல்ல ஒத்தாசையா இருப்பேனே."

"இங்க செய்யறதெல்லாம் உனக்குத் தெரியாதுக்கா. சரி, ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றோம். உக்காந்து பேசுவோம்."

போனை வைத்த பிறகு அக்கா கொஞ்ச நேரம் என் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டு இருந்தார். பிறகு கேட்டார்: "ஏன்டி கீழ்வீட்டுக்காரி, டிரைஃபிள்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கியா?"

எனக்கு என்ன தெரியும். அக்காதான் சொன்னார். தங்கை வீட்டு விருந்துகளில் கடைசியாக, இனிப்புக்கு, அதைத்தான் மேசைக்குக் கொண்டுவருவார்களாம். கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கு அடுக்காக, ஒவ்வொரு அடுக்கும் ஒரு நிறமாக வெளியே தெரியுமாம். விருந்து நாட்களில் ஒத்தாசைக்கு என்று தங்கை அக்காவை இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். அக்காவுக்குப் பின்கட்டில் வேலை. கிண்ணம் முழுசாக உள்ளே போனபோதும் பார்த்திருக்கிறார், காலியாகிக் கழுவ வந்தபோதும் பார்த்திருக்கிறார். நடுவில் நடந்ததைப் பார்த்ததில்லை.

"அதை நான் செஞ்சு வச்சேன்னா, எனக்கும் தெரியும்னு ஆகிடும் இல்ல? அப்புறம் என்ன சொல்லித் தட்டிக் கழிப்பா?"

அக்கா சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

தெருமுனை பேக்கரிக்காரரிடம் போய்க் கேட்டோம். நல்ல மனுஷர். அடியில் கேக் துண்டு, அதன் மேல் பழச்சாறு, அப்புறம் ஜெல்லி, அப்புறம் பழம், அப்புறம் கஸ்டர்ட், உச்சியில் அடித்த க்ரீம் என்று விரல் மடக்கிச் சொன்னார். எப்படி எடுத்துப் பரிமாறுவது என்று அவர் சொல்லவில்லை. அதை ஒருவர் சொல்லித் தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

கண்ணாடிக் கிண்ணம் அக்காவிடமே இருந்தது. வேலையில் இருந்து நின்றபோது கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. நல்ல கனம். சுற்றிலும் பூ வெட்டியிருக்கும். ஒரு நாளும் அதில் எதையும் போட்டதில்லை. அலமாரி உச்சியில் பெட்டியோடு இருந்ததை இறக்கி, கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுக்கும் இன்னைக்குத்தான் வேலை கிடைச்சிருக்கு" என்றார்.

முதல் தடவை பாழாய்ப் போனது. ஜெல்லி சரியாக உறைவதற்குள் அவசரப்பட்டு, சூடு ஆறாத கஸ்டர்டை அதன் மேல் ஊற்றிவிட்டோம். ஜெல்லி உருகி மேலே வந்தது, கஸ்டர்ட் கீழே போனது, பழமெல்லாம் நடுவில் நீச்சல் அடித்தது. அதை என் வீட்டுக்காரருக்கு ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று மருந்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவை அப்படி நான் பார்த்தது அதுதான் கடைசி.

இரண்டாவது தடவை என் ஃப்ரிட்ஜைக் காலி செய்து கொடுத்தேன். அக்கா கேக்கைத் துண்டு போட்டுக் கிண்ணத்தின் அடியில் பரப்பினார். கட்டிலுக்கு விரிப்புப் போடுகிற மாதிரி, இடுக்கு தெரியாமல் ஓரம் வரைக்கும் அழுத்தினார். ஒன்று ஆறி உறைந்த பிறகுதான் அடுத்தது. நடுவில் என்னைத் தொடக்கூட விடவில்லை. கடைசியாக க்ரீமைத் தடவி, உச்சியில் ஒரே ஒரு செர்ரிப் பழத்தை வைத்தார். வெளியில் இருந்து பார்த்தால் அடுக்குகள் கோடு கிழித்த மாதிரி நின்றன. சிவப்பு, மஞ்சள், வெள்ளை. அத்தனை விரிப்புகளை அடுக்கிய கை அல்லவா.

"ஆண்டவனே, இந்த ஒண்ணு நல்லபடியா அமையட்டும்" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நானும் கூட நின்று வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் வந்தார்கள். தம்பியும் மனைவியும், தங்கையும் அவள் வீட்டுக்காரரும். நான் டீ போட்டுக் கொடுக்க அடுக்களையில் நின்றேன். அக்கா கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் மேசை நடுவில் வைத்தார். தங்கை நிஜமாகவே திகைத்துப் போனாள்.

"அக்கா! இது எங்க வாங்கின?"

"வாங்கல. நான்தான் செஞ்சேன்."

"நீயா? பொய் சொல்லாத."

"இந்தா, கீழ்வீட்டுக்காரிய வேணா கேளு."

நான் அடுக்களையில் இருந்தே தலையை ஆட்டினேன். தங்கை கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "பரவாயில்லையேக்கா! எங்க வீட்டுல வேலைக்கு வர்றவ செஞ்சாக்கூட இவ்வளவு நேரா நிக்காது" என்றாள். என்ன ஒப்புமை அது என்று எனக்குச் சுருக்கென்றது. அக்கா முகம் மலர்ந்துதான் இருந்தது. சாதித்துவிட்டோம் என்று நானும் நினைத்தேன்.

பிறகு அக்கா கரண்டியை எடுத்தார்.

அந்த வீட்டு வழக்கப்படி மேலாகக் கரண்டியை விட்டார். வெளியில் இருந்து வந்த மனுஷருக்கு முதலில் வைக்க வேண்டும் என்று, தங்கை வீட்டுக்காரர் தட்டில் க்ரீமை வைத்தார். வழித்து எடுத்து, செர்ரியோடு முழுவதையும் வைத்தார். அடுத்தது தம்பிக்கு. அதற்குள் மேலே கஸ்டர்ட் வந்துவிட்டது. ஒரு சொட்டுகூடப் பழத்தோடு கலக்காமல் அதை அப்படியே எடுத்து வைத்தார். தம்பி மனைவிக்குப் பழம். தங்கைக்கு ஜெல்லி. மேல் விரிப்பை எடுத்தால் கீழ் விரிப்பு அசையாத கை. ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததைத் தொடாமல் வந்தது. கடைசியில் கிண்ணத்தின் அடியில் சாறு ஊறிய கேக் மட்டும் இருந்தது. அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, "சாப்பிடுங்க" என்றார் அக்கா.

அவர்கள் தட்டைப் பார்த்தார்கள். ஒருத்தர் தட்டை ஒருத்தர் பார்த்தார்கள். தங்கைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"ஏங்க, உங்களுக்கு வெறும் க்ரீமு, எனக்கு வெறும் ஜெல்லி! நாம நாலு பேரும் ஒரே வாயில சாப்பிட்டாத்தான் இது டிரைஃபிள்!"

"ஷேவிங் பண்ணத்தான் குடுத்தாங்களோன்னு பார்த்தேன்" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"எனக்குக் காய்ச்சல்காரனுக்கு வைக்கிற மாதிரி ஏதோ மஞ்சளா வந்திருக்கு" என்றார் தம்பி.

அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார், எதற்கு என்று தெரியாமல். "ஏன், நல்லா இல்லையா?"

"அய்யோ அக்கா! கரண்டியை அடி வரைக்கும் விட்டு, எல்லா அடுக்கும் ஒண்ணா வர்ற மாதிரி எடுக்கணும். இதுகூடவா தெரியாது? நல்லவேளை, எங்க வீட்டு ஆளுங்க முன்னாடி நடக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கை தன் அண்ணன் பக்கம் திரும்பினாள். "பார்த்தியா? இதைத்தான் நான் சொன்னேன். இவளுக்கு ஒத்துவராது. பாவம், இவளுக்குத்தான் கஷ்டம்."

அத்தோடு பேச்சு முடிந்தது. வயதான பெண்களுக்கான விடுதி ஒன்றைத் தம்பி முன்பே போய்ப் பார்த்து, ஒரு கட்டிலும் சொல்லி வைத்திருக்கிறார். அது அப்போதுதான் வெளியே வந்தது. காற்றோட்டமான இடம், மேலே மின்விசிறி, நேரத்துக்குச் சாப்பாடு என்று எல்லாம் சொன்னார். அக்கா ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்போ, இது நல்லா வந்திருந்தாலும் அங்கேதானா?"

தம்பி டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தங்கைதான், "அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றாள்.

கிளம்பும்போது தங்கை கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தாள். ணங்கென்று நல்ல சத்தம் வந்தது. "இது உனக்கு அங்க எதுக்குக்கா? உடைஞ்சு கிடைஞ்சு போகும். நான் பத்திரமா வச்சிருக்கேன்." அக்கா அடியில் இருந்த கேக்கை ஒரு தட்டில் வழித்துப் போட்டார். கிண்ணத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு பழைய விரிப்பை நான்காக மடித்து அதில் சுற்றிக் கொடுத்தார். அந்தக் கேக் சாயங்காலம் வரைக்கும் மேசை மேலேயே கிடந்தது. எறும்பு வந்த பிறகு நான்தான் எடுத்துப் போட்டேன்.

ஆண்டவன் எல்லாருக்கும் அளந்துதான் கொடுக்கிறான் என்று நம்புகிறவள் நான். இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் நடந்ததை அவன் கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

விடுதிக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். சொன்னபடி காற்றோட்டமான இடம்தான். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. பக்கத்துக் கட்டில்களையும் அக்காதான் விரித்திருக்கிறார், பார்த்தவுடனே தெரிந்தது.

"தங்கச்சி வந்தாளா?" என்று கேட்டேன்.

"போன் பண்ணினா. விருந்துக்கெல்லாம் இப்போ அந்தக் கிண்ணத்துலதான் வைக்கிறாளாம். எல்லாரும் எங்க வாங்கினதுன்னு கேக்கறாங்களாம்."

"என்னன்னு சொன்னாளாம்?"

"அதை நான் கேக்கல."

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாருக்கும் குழி வைத்த தட்டு. பரிமாறுகிற பெண் தள்ளுவண்டியை வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்தாள். அக்கா கட்டில் கடைசிக் கட்டில். வண்டி வந்தபோது பாத்திரத்தைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. தட்டில் விழுந்த சோறு பழுப்பாக, தீய்ந்த வாடையோடு இருந்தது. "இன்னைக்குக் கொஞ்சம் அடிப்பிடிச்சிருச்சும்மா" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

உனக்குத்தான் இது பிடிக்குமே அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கு இது பிடிக்கவே பிடிக்காதுடி" என்றார். "எப்பவுமே பிடிச்சதில்ல."

சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.