டெஸ்ட்டுக்கு வைத்த நோன்பு

என் மச்சானை, அதாவது என் வீட்டுக்காரரை, டாக்டரிடம் கூட்டிப்போவதைவிடக் கரையில் கிடக்கும் வள்ளத்தைத் தனியாளாகக் கடலுக்குள் தள்ளிவிடலாம். அவருடைய அண்ணன் குடல் புற்றுநோயில் மவுத்தானபோதே மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்: கூடப்பிறந்தவர்கள் நாற்பது வயதானால் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் குடலுக்குள் டியூப் விட்டுப் பார்க்கவேண்டும், அப்புறமும் விடாமல் பார்த்துவரவேண்டும். எந்த வழியாக டியூப் விடுவார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, ஐம்பது தாண்டியும், மச்சான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"எனக்கென்ன புள்ள கேடு? கல்லத் தின்னாலும் செரிக்குது."

"ஒங்க காக்காவுக்குந்தான் செரிச்சுச்சு!"

அண்ணனை எங்கள் பெரியபட்டினத்தில் காக்கா என்போம். அந்தக் காக்கா துபாயில் தனியாகக் கிடந்து, ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து லேகியம் தின்றுகொண்டிருந்தவர். ஊர் வந்து சேர்ந்தபோது காரியம் கைமீறிவிட்டது. இவரும் அதேபோலப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குத் திட்டத்தான் வரும்.

கடைசியில், இனி இந்த வீட்டில் மீன் ஆய்வதில்லை என்று அரிவாள்மனையைத் தூக்கிப் பரணில் போட்டேன். சீக்கிரமே வழிக்கு வந்தார்.

முந்தின நாள் என்ன சாப்பிடலாம், பேதி மருந்துப் பொடியை எப்படிக் கரைத்துக் குடிக்கவேண்டும் என்றெல்லாம் ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். "வெறும் வயித்துல வரணும், அம்புட்டுத்தானே? சின்ன வயசுலருந்து நோன்பு வைக்கிறவன்கிட்டயா சொல்றாக!" என்றார். டெஸ்ட்டுக்கு முந்தின நாள் பார்த்துப் புதுமடத்தில் என் தங்கச்சிக்குப் பிரசவம், நான் அங்கே போகவேண்டியதாயிற்று. மறுநாள் காலை ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில்தான் அவரைப் பார்த்தேன். வாடிய முகமும் காய்ந்த உதடுமாக நின்றார். பரவாயில்லையே, சொன்னபடி கேட்டிருக்கிறாரே என்று மெச்சிக்கொண்டேன்.

மதுரையில் நர்ஸ் கேட்டார்: "மருந்து முழுசாக் குடிச்சிட்டீங்களா சார்?"

"மருந்தா? பாங்கு சொன்னதுலருந்து ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்கலம்மா!"

"பாங்குக்கு முன்னாடி?"

"விடியுமுன்ன சாப்பிடுற சஹர் சாப்பாடுதான். பகல் பூராத் தாங்கணும்ல? நெய்ச்சோறு, விளமீன் ஆணம், ரெண்டு வாழப்பழம். போன ரமலான்ல காய்ச்சல்ல விட்ட நோன்பு ஒண்ணு பாக்கி கெடந்துச்சு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு அந்த நோன்புக்கும் சேத்து நிய்யத்து வச்சுட்டேன்."

நர்ஸ் பேனாவை மூடிவிட்டார். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடல் காலியா இருந்தாத்தான் கேமராவுல தெரியும் பாய். இப்ப உள்ள விட்டா உங்க விளமீனத்தான் பாக்கலாம். அடுத்த வாரம் வாங்க."

மதுரையிலிருந்து பரமக்குடிவரை பஸ்ஸில் வாய் ஓயாமல் திட்டினேன். முன்சீட்டு அம்மா விஷயம் கேட்டு என்னோடு சேர்ந்துகொண்டார். மச்சானோ, "நான் நோன்பு வச்சிருக்கேன், சண்டைக்கு வரமாட்டேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த தடவை நான் விடவில்லை. முந்தின நாளே மதுரையில் லாட்ஜ் எடுத்து, மருந்துத் தண்ணீரும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "கடத்தண்ணில எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு தாராகளா?" என்று ஒவ்வொரு மடக்குக்கும் முகம் கோணினார். அதற்குப்பிறகு அவர் குடித்தனமே பாத்ரூமில்தான். "புள்ள, எங்க உம்மா குடுத்த பாலுவரைக்கும் போயிருச்சு!" என்று உள்ளிருந்து ஈனக்குரலில் கத்தினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கதவுக்கு வெளியே அடுத்த தம்ளரோடு நின்றேன்.

மயக்க ஊசி போட்டுப் பார்த்தார்கள். வலியே தெரியவில்லை என்றார், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல. குடலில் சின்னதாக இரண்டு சதை வளர்ந்திருந்தது. அப்போதே நறுக்கி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வாங்கப் போன அன்று டாக்டர் சொன்னார்: "இது கேன்சர் இல்ல. விட்டுவச்சிருந்தா ஒருநாள் ஆகியிருக்கலாம். மூணு வருஷம் கழிச்சு மறுபடி வாங்க. வரும்போது நோன்பு வேணாம்."

வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். மச்சான் டீயைத் தொடவில்லை. கண் கலங்கியிருந்தது.

"காக்காவுக்குத் துபாய்ல திட்டுறதுக்கு ஒரு ஆளு இல்லாமப் போச்சே புள்ள."

"டீ ஆறுது, குடிங்க" என்று அதட்டினேன். அதட்டலாக வரவில்லை.