சந்தனம் பூசிய குழல்

என் அக்காவின் புருஷன் பத்மநாதனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றோடு நின்றுவிடுவேன். உழைப்பாளி, குடிக்காதவர், மகளுக்கு நல்ல தகப்பன். மிச்சமெல்லாம் வாய். ரெக்ஸ்டேலில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், மார்க்கம் என்ற ஊரில் வீடு. அந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் பெரிய வேட்டைக்காரர். லைசென்ஸ் இருக்கிறது, துவக்கு இருக்கிறது, செம்மஞ்சள் மேலங்கி இருக்கிறது. இல்லாதது மான் ஒன்றுதான்.

நவம்பர் வந்தால் காட்டுக்குப் போவார். திரும்பும்போது ஒரு தொடை இறைச்சியோடு வருவார். அது அவரோடு வேலை செய்கிற வெள்ளைக்காரன் சுட்ட மானின் தொடை. அவன் வீட்டு வாசலுக்குக் காரை ஓட்டிப் போகிறவன் நான். பேபி அக்கா அதைக் கறியாக்குவாள். இவர் மேசையின் நடுவில் இருந்துகொண்டு, மானை எப்படி விழுத்தினேன் என்று அளப்பார். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுவரை சொல்வார். அவர் மானை விழுத்தினதாகச் சொல்கிற அந்த நேரம் நாங்கள் கோப்பிக் கடையில் இருந்தோம்.

மகள் நிலாணியைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் வினை வந்தது. சம்பந்தி சீமோன் மன்னார்க்காரர், விட்பியில் இருக்கிறார், அதிகம் பேசாத மனிதர். கறியைச் சாப்பிட்டுக் கதையையும் கேட்டுவிட்டு, "அடுத்த முறை நானும் வாறன் சம்பந்தி. துவக்குத் தொடமாட்டன். பக்கத்தில இருந்து பாக்கிறன்" என்றார்.

அத்தானின் முகம் செத்துப்போனது. ஆனாலும் வாய் விடுமா? "ஓமோம், கட்டாயம் வாங்கோ" என்றார். இனி அவருக்கு உண்மையாகவே ஒரு மான் வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை வருடப் புளுகும் சம்பந்தியின் முன்னால் வெளுத்துவிடும்.

வேறொருவராக இருந்தால் சுடப் பழகியிருப்பார். இவர் கடைக்குப் போய்த் துவக்குக்கு இன்னொரு குழல் வாங்கினார். அவருடையது நடுவில் மடித்துத் திறக்கிற ஒற்றை வெடித் துவக்கு. முன்பிடியைக் கழற்றி, மடித்து, கீலில் இருக்கிற பின்னை உருவினால் குழல் கையோடு வந்துவிடும். அதே உடலில் வேறு குழலைப் பூட்டலாம். ஏற்கெனவே இருந்தது பறவை சுடுகிற குழல். புதிதாக வந்தது மானுக்கான ரைஃபிள் குழல், மேலே தூரக்கண்ணாடியும் சேர்த்து.

"அத்தான், வீட்டிலயே ஒருக்காப் பூட்டிப் பாருங்கோ. பிறகு ரேஞ்சுக்குக் கொண்டுபோய் நாலு வெடி வையுங்கோ."

"நீ எனக்குப் படிப்பிக்காத, வினோதன். முதல்ல கோயில்."

கோயில்! அக்காவின் புதுக் காருக்கு வாகனப் பூசை இருந்தது. அத்தான் குழலை வேட்டியில் சுற்றி ட்ரங்குக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். "உது என்ன?" என்று ஐயர் கேட்டார். "காரோட சேந்த சாமான்தான் ஐயா" என்றார் இவர், கோயில் வாசலில் நின்றுகொண்டு.

அந்த ஐயரின் கை தாராளமான கை. சக்கரத்தின் கீழ் தேசிக்காய் வைத்த கையோடு குழலுக்கும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். ஓர் அப்பு, துவக்கை மூடும்போது சரியாகப் பூட்டு விழுகிற பள்ளத்துக்குள். துடைக்கப் போன என் கையை அத்தான் தட்டிவிட்டார். சாமிப் பொட்டைக் கையால் அழிக்கக்கூடாதாம், தானாக உதிர வேண்டுமாம். காரென்றால் சரி, மழை கழுவும். குழலை வேட்டியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் எந்த மழை வந்து கழுவும்?

நவம்பரில் வேட்டைக்குப் போனது லின்ட்சே ஊருக்கு வடக்கே, தெரிந்த ஒருவரின் காட்டுக் காணிக்கு. எனக்கு அந்த வருடம் மான் சுட அனுமதிச் சீட்டு இல்லை. விழுந்த மானை இழுக்க ஆள் வேண்டுமென்று அத்தான் என்னையும் சீமோனோடு கூட்டிப்போனார். மான் நடமாடுவது விடியலில். நாங்கள் போய்க் குந்தியது ஒன்பது மணிக்கு. அப்போதும் துவக்கில் பறவைக் குழல்தான் இருந்தது.

"ரைஃபிளைப் பூட்டேல்லையோ?" என்று கிசுகிசுத்தேன்.

"சனிக்கிழமையடா. ராகுகாலம் முடியட்டும்."

குளிரில் மூக்கு மரத்துப்போக, மூன்று வளர்ந்த ஆண்கள் ராகு போகும்வரை காத்திருந்தோம். பத்தரை ஆனதும் அத்தான் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். பழைய குழல் கழன்றது. புதுக்குழல் உட்கார்ந்தது, பின்னும் போனது. தோட்டாவைப் போட்டு நிமிர்த்தி மூடினார். மூடுப்படவில்லை. வாய் பிளந்த மாதிரியே நின்றது. பூட்டுப் பள்ளத்துக்குள் சந்தனம் சீமெந்தாகக் காய்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மான் வந்தது. கலைமான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரத்தில் நின்று இலையைக் கடித்தது. அத்தான் அமத்தினார். முழங்காலில் வைத்து நெரித்தார். நகத்தால் பள்ளத்தைச் சுரண்டினார். குங்குமம் விரலெல்லாம் பிரண்டது. "முருகா, முருகா" என்று வாய் முணுமுணுத்தது. சீமோன் சொன்ன சொல் மாறாமல் பக்கத்தில் இருந்து பார்த்தார். மானும் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, இந்தக் கூத்து முடியாது என்று கண்டதுபோல் நடந்து போய்விட்டது.

திரும்பும் வழியெல்லாம் அத்தான் நகத்துக்குள் இருந்த குங்குமத்தைச் சுரண்டிக்கொண்டு வந்தார். நானோ, இன்றைக்கு அவர் புளுகு வெளுக்கப்போகிறது என்று உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். மார்க்கத்தில் அக்கா கறிக்குச் சரக்கு அரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நிலாணி, மருமகன் றூபன், அக்கம்பக்கத்துச் சனம் என்று வீடு நிறைய ஆட்கள். "எங்கையப்பா மான்?" என்று அக்கா கேட்டாள்.

அத்தான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை. சீமோன்தான் பேசினார்.

"மான் முன்னால வந்து நிண்டது, தங்கச்சி. சம்பந்தி சுட்டிருக்கலாம். அதின்ர முகத்தைப் பாத்திட்டுத் துவக்கை இறக்கிப் போட்டார். மனசு வரேல்லை."

நான் வாயைப் பிளந்தேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா!" என்று நிலாணி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். பெரிய மனசு என்றார்கள், இதுவல்லோ மனிசன் என்றார்கள். அத்தான் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். இல்லையென்று சொன்னால் சந்தனக் கதையைச் சொல்ல வேண்டும். ஓமென்று தலையாட்டினார். "இனி இந்த வீட்டில அந்தப் பாவம் வேண்டாம்" என்று அக்கா அன்றைக்கே முடித்துவிட்டாள். புளுகனைப் புளுகாலேயே கட்டிப்போட்டார் சீமோன். நல்ல மனதோடுதான் செய்தார், அதுதான் கொடுமை.

போன நவம்பர் எனக்குச் சீட்டுக் கிடைத்தது. புறப்படும்போது மார்க்கத்தில் காரை நிறுத்தினேன், சும்மா அவருடைய வயிற்றெரிச்சலைப் பார்க்கத்தான். அத்தான் கராஜில் தனியே நின்றார். என் செம்மஞ்சள் மேலங்கியைக் கண்டதும் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"டேய், அந்தக் குழல் இப்ப நல்லாப் பூட்டுது. ஒவ்வொரு நாளும் மாத்தி மாத்திப் பூட்டிப் பாக்கிறனான். கண்ணை மூடிக்கொண்டும் பூட்டுவன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்மேல் பாவமாக இருந்தது, அது எனக்கே எரிச்சலாக இருந்தது.

"வாங்கோவன் அத்தான்" என்றேன்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஆரோட கதைக்கிறியள்? வேட்டைக்கோ கூப்பிடினம்?"

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "நான் உதெல்லாம் விட்டிட்டன் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்" என்று சத்தமாகச் சொன்னார்.